சொல்லும் உயிரும்

கோரிமேட்டில் விடியலுக்கு முன்பே ஜிப்மர் மருத்துவமனையின் வாயிலில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் முதல் பேருந்தில் வந்தவர்கள். கையில் பழைய சீட்டு, பையில் சோற்றுப் பொட்டலம். திருப்பலிக்குச் செல்கையில் அவர்களைக் காணும்போதெல்லாம் ஒரு வினா என்னைத் தொடர்கிறது: ஏழைக்குக் கிடைக்கும் மருத்துவ உதவி அரசு காட்டும் கருணையா, அவருக்குரிய உரிமையா?

இது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. அமெரிக்காவில் 2010-இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, எளியோரின் மருத்துவக் காப்பீட்டுக் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசே ஏற்க வழிசெய்தது. மாநிலம் நிறுவிய காப்பீட்டுச் சந்தையில் வாங்குவோருக்கே அவ்வுதவி என்று பொருள்படும் தொடரொன்று அதில் இருந்தது. பல மாநிலங்கள் சந்தையை நிறுவாமையால் நடுவண் அரசே நிறுவியது. அவ்வாறாயின் அங்குள்ளோருக்கு உதவி இல்லையென வழக்கு எழுந்தது. 2015-இல் அந்நாட்டு உச்சநீதிமன்ற நீதிபதிகள் ஒன்பதின்மருள் அறுவர், உதவி தொடரும் என்றனர்.

மாறாகத் தீர்ப்பாகியிருந்தால்? உதவி நின்றதும் உடல்நலமுள்ளோர் காப்பீட்டை விட்டு விலகுவர், நோயாளிகளே எஞ்சுவர், கட்டணம் ஏறும், ஏற ஏற இன்னும் பலர் விலகுவர். உதவி பெறாதவரும் அச்சுமையைச் சுமக்க நேரும்.

வழக்குத் தொடுத்தவர்களைப் பழிக்க நான் துணியேன். சட்டத்தின் சொல்லை நீதிபதி தம் விருப்பம்போல் வளைத்தால், அதே வளைவு நாளை எளியவருக்கு எதிராகவும் திரும்பலாம். ஆயினும், ஒரு சொல்லை அது இடம்பெற்ற சட்டத்தின் நோக்கமே அழியுமாறு வாசிப்பது நேர்மையாகுமா? ஓய்வுநாளில் சூம்பிய கையைக் குணமாக்கிய ஆண்டவர் ஓய்வுநாளை ஒழித்தாரல்லர். அது எதற்காக ஏற்பட்டது என்பதையே காட்டினார்.

நம் நாட்டிலும் ஒரு வழக்கு உண்டு. 1992-இல் மேற்கு வங்கத்தில் இரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட விவசாயத் தொழிலாளி ஒருவரை, இடமில்லை, வசதியில்லை எனப் பல அரசு மருத்துவமனைகள் திருப்பி அனுப்பின. அது அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையை மீறியது என்று 1996-இல் நம் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 25,000 ரூபாய் இழப்பீடும் வழங்கச் செய்தது. நிதியில்லை என்பது அரசின் கடமையைத் தட்டிக்கழிக்கும் காரணமாகாது என்றும் உரைத்தது.

அங்கே உதவி ஒரு சொற்றொடரில் தொங்கிற்று. இங்கே தீர்ப்பு உயிர் என்னும் உரிமையில் ஊன்றி நின்றது. எனினும் நாம் நிறைவடைய இயலாது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பளிக்க 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத்தும் ஒரு திட்டமே. திட்டத்தை எழுதிய கை அதைத் திருத்தவும் கூடும்.

நீதிமன்றத்தில் சொற்கள் வாதிடப்படும் வேளையில், அவற்றின் விளைவைத் தாங்கவேண்டியவர் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. அவர் மருத்துவமனை வரிசையில் நிற்கிறார். அவருக்காகப் பேசும் கடமை நம்முடையதன்றோ?