கொடுத்த பின் யாருடையது?

கடைப் பெயர் அச்சிட்ட காலண்டரை வாடிக்கையாளருக்குக் கொடுப்பது தர்மத்தில் சேருமா, வியாபாரத்தில் சேருமா? கோவில்பட்டியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் எனக்கு ஆடி பிறந்தாலே இந்தக் கேள்வி வந்துவிடும். ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவார்கள். ஏஜெண்டும் ஆல்பத்தோடு வந்து நிற்பார். “எதுக்குப்பா இந்தச் செலவு? வாட்ஸ்அப்பில் தினமும் சாமி படமும் ராகுகாலமும் அனுப்பிடலாமே” என்கிறான் மகன். செலவுக் கணக்கில் அவன் சொல்வது சரிதான்.

இல்லாதவருக்குக் கொடுப்பது மட்டுமே ஈகை, மற்றதில் எதிர்பார்ப்பு ஒளிந்திருக்கிறது என்பது வள்ளுவர் கட்சி. அந்த அளவுகோலில் காலண்டர் ஈகையாகாது. அடுத்த முகூர்த்தத்துக்குச் சீர்ப் பாத்திரம் எடுக்க நம் கடைக்கு வரட்டும் என்ற ஆசை அதில் இருக்கவே செய்கிறது. இருந்தாலும், ஆசையோடு கொடுப்பவனுக்கும் ஒரு தர்மம் உண்டென்று நம்புகிறேன்.

தானம் கொடுப்பவர் தாரை வார்ப்பார். நீர் விழுந்ததும் பொருள்மேல் அவருக்கிருந்த உரிமை தீர்ந்தது. வாங்கியவர் அதை என்ன செய்தார் என்று பின்னால் போய்ப் பார்க்கக் கூடாது.

எங்கள் ஊரில் வாழ்ந்த ஓவியர் கொண்டைய ராஜு (1898–1976) வரைந்த தெய்வங்கள் சிவகாசி அச்சில் ஏறி, கடைக்காரர்கள் கை வழியாகத்தான் எத்தனையோ பூஜையறைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்கு அண்டா இறக்கப் போனபோது, என் பழைய காலண்டர் மகாலட்சுமியைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதைப் பார்த்தேன். தாயார் நெற்றியில் குங்குமம். பாதத்துக்குக் கீழே என் கடைப் பெயர் இருந்த பட்டையைக் கத்தரித்து எடுத்திருந்தார்கள். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. நான் கொடுத்தது அன்றுதான் முழுசாக அவர்களுடையதாகியிருந்தது.

காகிதம் அப்படி வெட்ட இடம் கொடுக்கிறது. போனில் அனுப்புவது கொடுத்தவன் கையை விட்டுப் போவதே இல்லை. படித்தாரா என்று டிக் சொல்கிறது. லிங்க்கைத் திறந்தாரா, எத்தனை மணிக்குத் திறந்தார் என்று கணக்குச் சொல்லும் வசதியும் விலைக்குக் கிடைக்கிறது. அவர் செய்தியை அழித்தாலும் அவர் நம்பர் என் பட்டியலில் இருக்கும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. சட்டம் வந்து சொல்லும்வரை வியாபாரி காத்திருக்க வேண்டியதில்லை.

போனே பாவம் என்று சொல்ல மாட்டேன். ஈயம் பூசக் கொடுத்த பித்தளைப் பானை தயாராகிவிட்டதென்ற செய்தியைக் காலண்டர் சொல்லாது. அந்தச் செய்திக்காகத்தான் அவர் நம்பரைத் தந்தார். பானையை வாங்கிப் போனதும் அந்த வேலை முடிந்தது. அதே நம்பருக்கு விடிகாலையில் தள்ளுபடி விளம்பரம் அனுப்பினால், தந்த நம்பிக்கையை வேறொன்றுக்குச் செலவழிக்கிறேன் என்றுதான் அர்த்தம்.

எதிர்பார்ப்பை விட வியாபாரியால் முடியாது. பிடியை விட முடியும். அதனால் மகனிடம் சொல்லிவிட்டேன்: காலண்டர் வழக்கம்போல் உண்டு, வேலை முடிந்த நம்பரை அன்றே அழித்துவிட வேண்டும்.