கேன்சலில் வரும் அப்பா

சங்கரன்கோவில் வட்டாரத்தில் வளைகுடாவுக்குப் போனவர்கள் லீவில் வருவார்கள், அல்லது கேன்சலில் வருவார்கள். லீவில் வருபவரிடம் திரும்பிப் போக டிக்கெட் இருக்கும். வீடு அவரை விருந்தாளியாகத் தாங்கும். கேன்சலில் வருபவர் விசாவை முடித்துக்கொண்டு, இனி இங்கேதான் என்று வருகிறார். பல வீடுகளுக்கு அவரை எங்கே வைப்பதென்று தெரிவதில்லை.

கேன்சலில் வரும் நாளை அவரும் எத்தனையோ முறை தள்ளிப்போட்டிருப்பார். வளைகுடா ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இரண்டு வருடத்துக்கானவை. “இந்த அக்ரிமெண்ட் முடியட்டும், வந்துருதேன்” என்பார். அதற்குள் வீட்டுக் கடன், மகள் காலேஜ், தங்கச்சி கல்யாணம் என்று ஏதாவது ஒன்று இன்னும் இரண்டு வருடத்தைக் கேட்கும்.

இதைப் பேராசை என்று சொல்வது அநியாயம். இங்கே தறிக்கூலியையும் மழையை நம்பிய நிலத்தையும் வைத்து ஒரு குடும்பத்தை நிமிர்த்துவது எவ்வளவு கடினம் என்பது ஊருக்கே தெரியும். அங்கே சேரும் பணமும் வெளியே நினைப்பதுபோலப் பெரிதல்ல. அமீரகச் சட்டப்படி, வேலையை விட்டு வரும்போது முதல் ஐந்து வருடங்களில் வருடத்துக்கு 21 நாள், அதன்பின் வருடத்துக்கு 30 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்கும். பன்னிரண்டு வருடம் உழைத்தவருக்கு 315 நாள் சம்பளம். ஒரு வருடம்கூட முழுசாக இல்லை. அதிலும் வீட்டுப்படி, பயணப்படி எதுவும் சேராது. மாதாமாதம் அரசு ஓய்வூதியம் வருமா என்றால், அதுவும் வெளிநாட்டுத் தொழிலாளிக்குக் கிடையாது.

2015இல் நடந்த தமிழ்நாடு இடப்பெயர்வு ஆய்வு, சுமார் 22 லட்சம் தமிழ்நாட்டினர் வெளிநாடுகளில் இருப்பதாக மதிப்பிட்டது. எல்லோருக்கும் தேதி பார்த்துத் திரும்பும் வாய்ப்பு அமைவதில்லை. 1990இல் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஜோர்டானின் அம்மான் வழியாக வந்து சேர்ந்தார்கள். 2020 மே மாதம் வந்தே பாரத் விமானங்களில் வந்தவர்களில் பலர் வேலையை இழந்திருந்தார்கள். தேதியைத் தானே குறிக்க முடிந்தவர் அந்த அவகாசத்தை வீணாக்கக் கூடாது.

ஆனால் அந்த அவகாசம் பெரும்பாலும் கார்கோவில் பெட்டி போடுவதிலேயே கழிகிறது. யாருக்குச் சென்ட், யாருக்குப் போர்வை என்று பட்டியல் நீள்கிறது. வீட்டுக்குள் தன் இடம் எது என்ற கேள்வி அந்தப் பட்டியலில் ஏறுவதில்லை.

அவர் வெளிநாட்டில் இருந்த வருடங்களில் பேங்க், ரேஷன், நகை அடகு, கொத்தனாரோடு கூலிப் பேச்சு, நடுராத்திரியில் காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி என எல்லாவற்றையும் ஒற்றையாளாகப் பார்த்தவர் மனைவி. பிள்ளைகளுக்கு அதுவே பழகிவிட்டது. போனில் எது கேட்டாலும், “இருங்கப்பா, அம்மாட்ட கேட்டுச் சொல்லுதேன்” என்பார்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அந்த வீடு நடக்கிற விதம் அது. திரும்பி வருபவர் முதல் வாரத்திலேயே கணக்கு நோட்டைக் கேட்டு, பீரோ சாவியை வாங்கி, பையன் எத்தனை மணிக்கு வீடு திரும்ப வேண்டும் என்று சட்டம் போட்டால், பாசத்தோடு வந்தவர் அதிகாரியாகத் தெரிவார். மனைவி கட்டி நிறுத்தியதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நிர்வாகத்தில் பங்கு கேட்பதெல்லாம் அதன்பிறகுதான். குடும்பத்துக்காக வெயிலில் நின்றவருக்கு இது கசக்கலாம். இங்கே தனியாக நின்றவருக்கும் அதே அளவு வலி உண்டு.

பிழைப்புக்கும் வழி பார்த்தாக வேண்டும். மலைக்கு அந்தப்பக்கம் கேரளம் 1996இலேயே வெளிநாடுவாழ் கேரளீயர்களுக்கென நோர்க்கா என்ற தனித்துறையைத் தொடங்கியது. திரும்பி வந்தவர் தொழில் தொடங்க மானியக் கடன் திட்டமும் அங்கே இருக்கிறது. தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலத்துறையும் நலவாரியமும் பின்னால்தான் வந்தன. சொந்தமாகத் தறி போடுவதா, பூ வியாபாரமா, கடையா என்பதைக் கேன்சலுக்கு முன்பே இருவரும் சேர்ந்து பேசி முடிப்பது நல்லது. கையில் பணம் வந்தபிறகு யோசனை சொல்ல ஊரே திரண்டுவிடும்.

முடிந்தால் ஏப்ரல் கடைசியில் வந்து சேரலாம். பரீட்சை முடிந்திருக்கும்; ஒரு மாதம் பிள்ளைகள் வீட்டிலேயே இருப்பார்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது புத்தகப் பையோடு அப்பாவும் வாசல்வரை போகலாம். எந்த டீச்சர் எந்தப் பாடம் என்பதைப் பிள்ளையே சொல்லித் தரும்.