எண்ணும் உரையும்

புசல்லாவைத் தேயிலை மலைகளில் நாடோறும் கொழுந்து நிறுக்கப்படுகிறது. கிலோக் கணக்கு ஏட்டிலேறித் தோட்ட அலுவலகம் சேர்கிறது. விதித்த நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாட் சம்பளம், விழுவதுண்டு. ஏன் குறைந்தது என்பதற்கு அவ்வேட்டில் இடமில்லை.

கணினித்துறையினர் இத்தகைய குறையைத் தம் துறையில் உணர்ந்துள்ளனர். 2014இல் கூகிள் வெளியிட்ட குபர்னெட்டீஸ் மென்பொருள் ஆளும் கொள்கலன்கள் விரைவில் தோன்றி மறைவன. அவற்றோடு அவற்றின் பதிவுகளும் அழியக்கூடும். ஆதலால் அளவைகளோடு பதிவுகளையும் உடனுக்குடன் மையக் கண்காணிப்புத் தளமொன்றிற் சேர்க்கின்றனர். பழுது நேர்ந்ததை எண் காட்டும். காரணத்தைப் பெரும்பாலும் பதிவே உரைக்கும்.

எந்திரம் வீழ்ந்தால் காரணம் வினவும் நாம், மனிதரிடம் எண்ணை மட்டும் கேட்பது அறமாகுமா? அளப்பவன் கேட்கவும் கடமைப்பட்டவன். கொழுந்து பறித்தவளின் சொல்லுக்கும் அவ்வேட்டில் ஒரு நிரல் வேண்டும்.