பறியைப் பல்லில் கடித்தபடி

எண்ணூர் கழிமுகத்தில் இருளர் பழங்குடிப் பெண்கள் இறால் பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வலை கிடையாது. ஓலைக் கூடையான பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரு கையாலும் சேற்றைத் தடவியே பிடிப்பார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கசடு படிந்ததும் இதே சேற்றில்தான். படகையும் வலையையும் எண்ணி இழப்பீடு எழுதலாம். வெறும் கையை எந்தக் கணக்கில் எழுதுவது?

இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டியவர்கள் சமூகப்பணி மாணவர்கள்தான். 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய சமூகப்பணிக் கல்லூரி எழும்பூரில் இருக்கிறது. அங்கிருந்து எண்ணூருக்கு மின்சார ரயிலிலேயே வந்துவிடலாம். பழங்குடி மேம்பாடு படிக்கிற பிள்ளைகளே, கேள்விப் படிவத்தை நீட்டுமுன் ஒருநாள் கரையில் சும்மா உட்காருங்கள். தண்ணீர் வற்றும்போது இறால் எங்கே ஒதுங்கும் என்று அந்த அக்காக்களைக் கேளுங்கள். சேற்று விரலாலேயே காட்டிச் சொல்வார்கள்.