கேட்பவரின் தேவை முதலில்

1482 வாக்கில் மிலான் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு லியோனார்டோ டா வின்சி ஒரு கடிதம் தயாரித்தார். அதில் எண் போட்டுப் பத்து திறமைகள். எளிதில் தூக்கிச் செல்லும் பாலம், அகழி நீரை வடிக்கும் வழி, பீரங்கி, மூடிய போர்வண்டி என்று ஒன்பது வரை எல்லாமே போர்க்கலை. பத்தாவதில் கட்டடக்கலை. ஓவியமும் வரைவேன் என்பது அதற்கும் பின்னால்தான்! சந்தேகமிருந்தால் உங்கள் தோட்டத்திலேயே செய்து காட்டுகிறேன் என்று முடித்தார்.

நம் பயோடேட்டாவோ அப்பா பெயர், பிறந்த தேதி, 'கடின உழைப்பாளி' என்று போகிறது. விளம்பரத்தில் நிறுவனம் கேட்ட வேலை முதல் வரியில் வரட்டும். அதை எங்கே, எவ்வளவு செய்தோம் என்பது அடுத்த வரியில். நமக்குப் பிடித்ததெல்லாம் அப்புறம்.