விடைத்தாள் கொடுக்கும் நாள்

காலாண்டுத் தேர்வு முடிந்து கணக்கு விடைத்தாள் கொடுக்கும் நாளில் ஒரு பத்தாம் வகுப்பைப் பார்க்க வேண்டும். பல பள்ளிகளில் தாள்களை மதிப்பெண் வரிசைப்படி அடுக்கி எடுத்து வருவார்கள். முதல் சில பெயர்களுக்குக் கைதட்டல். நடுவில் வருபவர்களை யாரும் கவனிப்பதில்லை. கட்டு மெலிய மெலிய, இன்னும் பெயர் வராத பிள்ளைகளின் தலை குனிந்துகொண்டே போகும். அவர்களுடைய மதிப்பெண் மட்டும் ஏனோ உரக்க வாசிக்கப்படும். தாளை வாங்கிக்கொண்டு இடத்துக்குத் திரும்பும் பையன் முதல் வேலையாக மதிப்பெண் எழுதிய மூலையை உள்பக்கமாக மடிக்கிறான். எந்த இடத்தில் தப்பு விட்டோம் என்று அவன் பார்ப்பதே இல்லை. வீட்டில் கையெழுத்து வாங்குவதற்காகத் திறந்தால் உண்டு. தேர்வு எதற்காக வைக்கப்பட்டதோ, அந்தக் காரியம் அந்த மடிப்போடு முடிந்துவிடுகிறது.

படிப்பு ஏறாததற்கு நாம் சொல்லும் காரணங்கள் மூன்றுதான்: மூளை போதாது, சோம்பல், செல்போன். பிள்ளைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் பயத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 12, கூட்டினால் -7 வரும் இரண்டு எண்களைத் தேட வேண்டும். கிடைத்ததை மனதில் பிடித்துக்கொண்டு, கிடைக்காததைத் தள்ளிவிட்டு, குறியையும் தவற விடாமல் நகர வேண்டும். இதையெல்லாம் பிடித்துவைக்கும் இடத்தை உளவியலில் செயல்நினைவு என்கிறார்கள். அதன் கொள்ளளவு எல்லோருக்குமே சிறியது. 'இந்தத் தடவையும் போச்சுன்னா அப்பா முகத்துல எப்படி முழிக்கிறது' என்ற நினைப்பும் அதே இடத்தில்தான் வந்து உட்காருகிறது. வீட்டில் போட்ட கணக்கு ஹாலில் வராமல் போவது இதனால்தான். 'படிச்சது எல்லாமே மறந்துபோச்சு' என்று ஒரு பெண் அழுதால் அதை நம்ப வேண்டும். அவள் சாக்குச் சொல்லவில்லை.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராமிரெஸ், பைலாக் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம், உயிரியல் இறுதித் தேர்வுக்குச் சற்று முன், மனதில் இருக்கும் பயத்தை 10 நிமிடம் எழுதச் சொன்னார்கள். தேர்வென்றாலே நடுங்கும் பிள்ளைகளில், அப்படி எழுதியவர்கள் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் யாரும் அவர்களுக்குப் புதிதாக உயிரியல் கற்றுத்தரவில்லை.

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது? பிள்ளையின் சுபாவம் என்று சொல்லி நாம் விலகிக்கொள்ளலாம். ஆனால் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகிய இரு பொருளாதார அறிஞர்கள் உத்தரப்பிரதேசக் கிராமம் ஒன்றில் செய்த சோதனையைப் படித்தால் அப்படி விலக முடியாது. 6, 7-ஆம் வகுப்புப் பையன்களிடம் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சாதியைப் பற்றிப் பேச்சே எடுக்காதபோது, ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களுக்கும் மேல்சாதிப் பையன்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஒவ்வொருவரின் பெயர், ஊர், அப்பா பெயரோடு சாதியையும் எல்லார் முன்னிலையிலும் அறிவித்தபின், ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் பின்தங்கினார்கள். பரிசைக் குலுக்கலில் தீர்மானிப்பதாக மாற்றியதும் அந்த இடைவெளி மறைந்துவிட்டது. சீட்டுக்குச் சாதி தெரியாது. அது யாரையும் இளக்காரமாகப் பார்க்காது. பையன்களின் மூளையில் ஒன்றும் மாறவில்லை. தங்களை எடைபோடும் கண்களைப் பற்றிய அவர்களின் எதிர்பார்ப்புதான் மாறியது.

நம் ஊரில் இந்தச் சோதனையைத் தனியாக நடத்த வேண்டியதில்லை. 'ஸ்காலர்ஷிப் வாங்குறவங்க எல்லாம் எழுந்து நில்லுங்க' என்ற ஒரு வரி போதும். 2023-இல் நாங்குநேரியில் ஒரு மாணவன் சக மாணவர்களாலேயே வெட்டப்பட்ட பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, ஆசிரியர் மறைமுகமாகக்கூட மாணவரின் சாதியைச் சுட்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. வன்முறையைத் தடுக்கும் யோசனையாகத்தான் பலர் அதைப் படித்தார்கள். எனக்கு அது கல்வி பற்றிய பரிந்துரையாகவும் படுகிறது. கூசி நிற்கும் பிள்ளைக்கு அடுத்த பீரியடில் எந்தப் பாடமும் ஏறாது. ரேங்க்கும் இப்படிக் கூச வைப்பதுதான். பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பைத் தமிழக அரசு 2017-இல் நிறுத்தியது, நல்ல காரியம். வகுப்பறைக்குள் அது இன்னும் நிற்கவில்லை.

கற்பது என்பது தன் அறியாமையை இன்னொருவர் முன் திறந்து காட்டுவது. வேறு வழியில் யாரும் எதையும் கற்றதில்லை. பதினைந்து வயதில், சக வயதினர் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, அதைச் செய்வது சாதாரணத் துணிச்சல் இல்லை. அந்தத் துணிச்சலை ஒரு பிள்ளை தனியாக உண்டாக்கிக்கொள்ள முடியாது. சுற்றி இருப்பவர்கள் கொடுத்தால்தான் உண்டு. அறிவு என்று நாம் அளப்பதில் பெரும்பங்கு அவனுக்குக் கிடைத்த இந்தத் தைரியத்தின் அளவுதான்.

சில ஆசிரியர்கள் தாள்களைக் கலைத்துப்போட்டு, மடித்தே கொடுக்கிறார்கள். பிறகு பெரும்பாலோர் தவறவிட்ட கணக்கை யார் பெயரும் சொல்லாமல் கரும்பலகையில் எழுதி, அந்தத் தப்பு எப்படி வருகிறது என்று ஒவ்வொரு படியாகப் பேசுகிறார்கள். அந்த வகுப்புகளில் 'புரிஞ்சுதா' என்று கேட்டால் கோரஸாக 'புரிஞ்சுது சார்' வருவதில்லை. 'அந்த மைனஸ் எப்படி வந்துச்சு, சார்?' என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வருகிறது.