ஒப்பியவர் ஒருவர், தீர்ப்பவர் மற்றொருவர்

கடன் என்பது கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இடையே நிற்கும் ஓர் உறவு. பெற்றவர் மனமொப்பிப் பெற்றதனாலேயே அதைத் திருப்பித் தரும் கடமை அவர்மேல் ஏறுகிறது. ஆனால் ஓர் ஊரே கூடிக் கடன் வாங்குமாயின், ஒப்பியவர் யார், தீர்ப்பவர் யார் என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவிற்கு அமெரிக்க நாட்டு நகரங்கள் நெடுங்காலமாக வாக்குச் சீட்டின் வழியே விடை கண்டு வருகின்றன. அவ்விடை அறத்தோடு எந்த அளவிற்குப் பொருந்துகிறது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

அந்நாட்டில் ஒரு நகரம் சாலையோ தீயணைப்பு நிலையமோ அமைக்க விரும்பினால், கடன் பத்திரங்களை விற்றுப் பணம் திரட்டுவது வழக்கம். நகரத்தின் முழுப் பொறுப்பில் விற்கப்படும் பத்திரங்களுக்கு வீடு, நிலங்களின் மீதான சொத்து வரியே பெரும்பாலும் பிணையாகும். ஆதலால் பல மாநிலங்களில் மக்களின் இசைவின்றி அவற்றை விற்க இயலாது. கலிபோர்னியாவில் நகர மன்றம் முதலில் கடனின் தொகையையும் நோக்கத்தையும் தீர்மானமாக வகுக்கிறது. அதனால் வரி எவ்வளவு உயரும் என்ற மதிப்பீடு வாக்காளர்க்கு அனுப்பப்படுகிறது. ஆதரிப்போர், எதிர்ப்போர் ஆகிய இரு சாரார் வாதங்களும் தேர்தல் கையேட்டில் அச்சாகின்றன. வாக்களித்தோரில் மூன்றில் இரு பங்கினர் இசைந்தாலன்றிக் கடன் இல்லை என்பது 1879ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பிலேயே எழுதப்பட்ட விதி.

இம்முறை நன்கு பயன் தந்தமைக்குச் சான்றாகச் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தைக் கூறலாம். பொருளாதார வீழ்ச்சி தொடங்கிவிட்ட 1930 நவம்பரில், ஆறு மாவட்டங்களின் மக்கள் தம் வீடுகளையும் பண்ணைகளையும் வணிக நிலங்களையும் பிணையாக வைத்து 3.5 கோடி டாலர் கடன் பெற வாக்களித்தனர். ஆதரவாக விழுந்தவை 1,45,057 வாக்குகள், எதிராக 46,954. மறுத்தவர்களின் பண்ணைகளும் பிணையில் சேர்ந்தன என்பது நோக்கத்தக்கது. பாலம் 1937இல் திறக்கப்பட்டது. முதலும், ஏறத்தாழ 3.9 கோடி டாலர் வட்டியும் பாலத்தைக் கடப்போர் செலுத்திய சுங்கத்தைக் கொண்டே தீர்க்கப்பட்டு, 1971இல் கணக்கு முடிந்தது. 1971இல் சுங்கம் செலுத்தியவருள் பலர் 1930இல் வாக்களித்திருக்கவே முடியாது. எனினும் அவர்கட்கு இழைக்கப்பட்ட அநீதி ஏதுமில்லை. கடன் வந்த வழியிலேயே பாலமும் அவர்களிடம் வந்து சேர்ந்திருந்தது.

வாக்களிக்கும் உரிமை யாருக்கு என்பதிலும் வழக்கு எழுந்தது. அரிசோனா மாநிலத்தில் இத்தகைய தேர்தல்களில் சொத்துடையோர் மட்டுமே வாக்களிக்கலாம் என்றிருந்தது. வரி கட்டுபவனே கடனை ஒப்ப வேண்டும் என்பது அதன் நியாயம். பீனிக்ஸ் நகரைப் பற்றிய வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1970இல் அவ்விதியைத் தள்ளியது. நகரத்தின் வசதிகள் குடியிருப்போர் அனைவர்க்கும் பொதுவாதலாலும், வீட்டுக்காரர் கட்டும் வரி வாடகையாகக் குடியிருப்பவர் தலையிலேயே இறங்குவதாலும், சொத்தில்லாதவரை விலக்குவது முறையன்று என்பது தீர்ப்பு. இது சரியே என்பது நம் கருத்து. வரி கட்டுகிற கை ஒன்றாகவும் அதன் பாரத்தைச் சுமக்கிற தோள் வேறாகவும் இருத்தல் எங்கும் காண்பதே.

மூன்றில் இரு பங்கு என்னும் விதியைப் பற்றி நாம் அவ்வளவு உறுதியாகக் கூற இயலவில்லை. 2022 ஜூன் மாதத்தில் சான் பிரான்சிஸ்கோ நகரம் பேருந்துப் பணிமனைகளுக்காகவும் வீதிப் பாதுகாப்பிற்காகவும் 40 கோடி டாலர் கடன் கேட்டது. நூற்றுக்கு 65 பேர் இசைந்தும் அது தோற்றது. இவ்வளவைக் குறைக்க முயன்ற ஒரு முன்மொழிவையும் 2024இல் மாநில மக்கள் மறுத்துவிட்டனர். இன்னும் பிறவாதவர் வந்து வாக்களிக்க இயலாது. அவர்கள் பொருட்டே தடை உயரமாக இருக்கட்டும் என்பர் இவ்விதியை ஆதரிப்போர். நல்ல வாதந்தான். ஆனால் சீர்செய்யாத பணிமனையும் பழுதான சாலையும் அப்பிறவாதவர்க்கே சென்று சேர்கின்றன அன்றோ? தடையின் உயரம் கடனின் அளவைக் காக்கலாம். கடனின் தன்மையைக் காக்காது.

சான் டியேகோ மாவட்டத்தின் போவே என்னும் ஊரில் நடந்தது இதனைத் தெளிவாக்கும். பள்ளிகளுக்கான கடனுக்கு 2000ஆம் ஆண்டு முதல் நூற்றுக்கு 55 வாக்கு போதும். அங்குள்ள பள்ளி நிர்வாகம் 2008இல், வரி விகிதம் உயராது என்று சொல்லி மக்களின் இசைவைப் பெற்றது. அச்சொல்லைக் காப்பாற்ற அது தேர்ந்த வழிதான் வியப்புக்குரியது. 2011இல் விற்ற 10.5 கோடி டாலர் பத்திரங்களுக்கு 2033 வரை ஒரு காசும் செலுத்த வேண்டுவதில்லை. வட்டி வட்டியோடு சேர்ந்து வளரும். 2051க்குள் ஏறத்தாழ 98 கோடி டாலர் செலுத்தித் தீர்க்க வேண்டும். வாக்களித்தோர் தமக்கு வரி உயராது என்று நம்பினர். அந்நம்பிக்கை பொய்க்கவில்லை. பாரம் முழுவதும் பின்வருவோர்மேல் இறக்கப்பட்டது.

ஒரு தலைமுறை மற்றொன்றைக் கடனால் பிணித்தல் தகாது என்று தாமஸ் ஜெபர்சன் 1789இல் மாடிசனுக்கு ஒரு கடிதம் எழுதினார். 19 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கடன் கூடாது என்று கணக்கும் இட்டார். அக்கணக்கு கடுமையானது, அதனைப் பின்பற்றியிருந்தால் கோல்டன் கேட் பாலம் எழுந்திராது. நம் நாட்டில், தந்தை பட்ட கடனுக்கு மைந்தனைப் பொறுப்பாக்கிய பழைய சட்டக் கடமையை இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் 2005இல், அதன்பின் பட்ட கடன்களுக்கு, நீக்கிவிட்டது. அச்சட்டம் சமணர்க்கும் உரியதாகலின் நம்மில் பலர் இதை அறிவர். ஊர் பட்ட கடனுக்கு அத்தகைய விடுதலை எங்கும் இல்லை, இருக்கவும் இயலாது. ஆகவே ஆண்டுகளின் எண்ணிக்கையை விட, கட்டப்படும் பொருள் கடன் தீரும் வரை நிலைத்து உதவுமா என்பதும், ஒப்புகின்றவர் தம் பங்கைத் தாமும் செலுத்தத் தொடங்குகின்றாரா என்பதுமே கேட்கத்தக்க வினாக்கள் என்று கருதுகிறோம்.

கலிபோர்னியா 2013இல் ஒரு சட்டம் இயற்றியது. பள்ளிகளின் இத்தகைய பத்திரங்களுக்கு மொத்தமாகச் செலுத்துவது வாங்கிய தொகையின் நான்கு மடங்கைக் கடக்கலாகாது. காலமும் 25 ஆண்டுகளை மிஞ்சலாகாது. போவே பத்திரங்கள் அதற்கு முன்பே விற்கப்பட்டவை. 2011இல் ஆறு வயதில் அவ்வூர்ப் பள்ளியில் சேர்ந்த குழந்தைக்கு முதல் தவணை தொடங்கும்போது வயது இருபத்தெட்டு; கடைசித் தவணையின்போது நாற்பத்தாறு.